பாகம் பிரியாத வீட்டின் கிரயம்: மார்க்கமும் சட்டமும்

மேலப்பாளையத்தில் ஒரு வீடு கைமாறுகிறது என்றால், ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பும் அதோடு கைமாறுகிறது. தறியில் நெய்து சேர்த்த காசு, பெண்கள் பீடி சுற்றிச் சேர்த்த காசு, வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் வெயிலில் நின்று அனுப்பிய காசு ஆகியவை அந்தக் கிரயத் தொகையில் கலந்திருக்கின்றன. வாங்குகிறவர் விலையைப் பத்து முறை பேசுகிறார், வாசலைப் பார்க்கிறார், தண்ணீர் வசதியைக் கேட்கிறார். ஆனால் 'இந்த வீட்டில் யார் யாருக்குப் பாகம் இருக்கிறது?' என்று ஒரு முறைகூடக் கேட்காதவர்கள் பலர். பின்னால் எழும் வழக்குகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வாப்பா வஃபாத்தானதும் வீட்டை அப்படியே வைத்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆண் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். ஆண்டுகள் ஓடியபின் வீடு விலைக்கு வருகிறது. அப்போது எழும் கேள்விகளை மார்க்கத்தின் பார்வையிலும், நாட்டின் சட்டப்படியும் ஈண்டு காண்போம்.

வினா 1: பாகம் எப்போது உண்டாகிறது? எவ்வளவு?

விடை: பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, சொத்து சிறியதாயினும் பெரியதாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்று திருமறை (4:7) கூறுகிறது. உடைமையாளர் இறந்த அந்தக் கணத்திலேயே வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் தத்தம் பாகம் உரிமையாகிவிடுகிறது. பத்திரம் எழுதும் நாள்வரை அது காத்திருப்பதில்லை.

முதலில் கஃபன், அடக்கச் செலவு, பின் கடன்கள், மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே. அடுத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத். எஞ்சியதே வாரிசுகளுக்கு.

ஒரு கணக்கைப் பாருங்கள். இறந்தவருக்குத் தாய் தந்தை முன்பே இல்லை. மனைவி ஒருவர், ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் மூவர் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பாகத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. ஆக, வீடு எட்டுப் பாகம்: உம்மாவுக்கு 1, பெண் மக்கள் மூவருக்கும் தலைக்கு 1, ஆண் மக்கள் இருவருக்கும் தலைக்கு 2. வீட்டின் மதிப்பு 40 லட்சம் ரூபாய் என்றால் ஒவ்வொரு மகளுக்கும் 5 லட்சம்.

நாட்டின் சட்டமும் இதுவே. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வாரிசுரிமையில் ஷரீஅத்தையே முஸ்லிம்களுக்கு உரிய சட்டமாக்கியது. அதில் விடுபட்டிருந்த விவசாய நிலத்தையும் 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் திருத்தம் சேர்த்துவிட்டது.

வினா 2: ஆண் மக்கள் இருவரும் சேர்ந்து வீடு முழுவதையும் விற்றால் கிரயம் செல்லுமா?

விடை: அவர்களுடைய நான்கு பாகத்துக்கு மட்டும் செல்லும். உம்மாவின் பாகமும் சகோதரிகளின் பாகமும் அவர்களிடமே இருக்கும். முழு விலை கொடுத்தவர் பாதி வீட்டுக்குத்தான் உடைமையாளர் ஆகிறார். அது மட்டுமன்று, குடும்பம் வசிக்கும் பிரியாத வீட்டில் பாகம் வாங்கிய அன்னியருக்கு, மற்றப் பங்காளிகளோடு கூட்டாகக் குடியேறும் உரிமை இல்லை என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. அவர் பாகப் பிரிவினை வழக்குத்தான் போடவேண்டும்.

'கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம். அவளுடைய பாகம் தீர்ந்தது' என்று சொல்வார்கள். வாப்பா உயிரோடிருக்கையில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பாகமோ அவர் மரணத்துக்குப் பின் அல்லாஹ் விதித்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 'இருபது ஆண்டாக நாங்கள்தான் குடியிருக்கிறோம்' என்பதும் போதாது. ஒரு பங்காளி குடியிருப்பது எல்லாப் பங்காளிகளின் சார்பிலும் என்றே நீதிமன்றம் கருதும்.

வினா 3: சகோதரி 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டால்?

விடை: தம் பாகம் இன்னது, அதன் இன்றைய மதிப்பு இவ்வளவு என்று அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது கூடும். அதைப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொள்ளவேண்டும். ஆனால் 'பாகம் கேட்டால் பிறந்தகத்து வாசல் அடைபட்டுப் போகும்' என்று அஞ்சி மௌனமாக இருப்பது சம்மதமாகாது. சகோதரர்களே! அவளுடைய பாகத்தை முதலில் அவள் கையில் கொடுங்கள். அதன்பின் அவளாகத் திருப்பித் தந்தால் அதுவே மனமுவந்த கொடை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது.

வினா 4: வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் தாய் கையெழுத்துப் போடலாமா?

விடை: கூடாது. பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால் பிள்ளையின் அசையாச் சொத்தை விற்கும் அதிகாரம் ஷரீஅத் சட்டப்படி தகப்பனுக்கும், தகப்பனின் தகப்பனுக்கும், அவர்கள் வஸிய்யத்தில் நியமித்தவருக்குமே உண்டு. தாயோ, அண்ணனோ, சிறிய தந்தையோ விற்றால் அது செல்லாது என்று 1918இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1996இல் உச்சநீதிமன்றமும், தாய் விற்ற மைனர் சொத்து விஷயத்தில் அதையே கூறிற்று. அவசியம் நேர்ந்தால் 1890ஆம் ஆண்டு கார்டியன் சட்டப்படி நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, விற்பதற்கும் அனுமதி பெறவேண்டும். எத்தீம்களின் சொத்தை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்னும் திருமறையின் எச்சரிக்கை (4:10) விற்பவருக்கு மட்டுமன்று, தெரிந்தே வாங்குபவருக்கும் பாடமாகும்.

வினா 5: 'வீட்டை வாப்பா எனக்கே வாயால் தந்துவிட்டார்' என்று ஒரு மகன் சொன்னால்?

விடை: ஹிபாவுக்கு மூன்று நிபந்தனைகள்: கொடுப்பவர் தெளிவாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், சொத்தை அவர் வசம் ஒப்படைத்தல். மூன்றும் நிறைவேறினால் பத்திரப் பதிவின்றியும் ஹிபா செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. ஆனால் மூன்றையும் நிரூபிக்கும் பொறுப்பு ஹிபா பெற்றதாகக் கூறுபவருடையது. பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுக்க முனைந்த தோழரிடம், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நபியவர்கள் பணித்த செய்தியைப் பெற்றோர்கள் மறக்கலாகாது.

வினா 6: பாகத்தை வெளியாருக்கு விற்குமுன் பங்காளியிடம் கேட்கவேண்டுமா?

விடை: கேட்கவேண்டும். பங்காளிக்குத் தெரிவிக்காமல் விற்பதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள். வெளியாருக்கு விற்றுவிட்டாலும் அதே விலைக்கு அதைப் பெறும் இவ்வுரிமைக்கு ஷுஃப்ஆ என்று பெயர். ஷாஃபி மத்ஹபில் இது கூட்டுப் பங்காளிக்கு மட்டும். ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் உண்டு. இவ்வுரிமையைச் சட்டமாக ஏற்கச் சென்னை உயர்நீதிமன்றம் 1870இலேயே மறுத்துவிட்டது. ஆயினும் குடும்ப வீட்டில் பாகம் வாங்கிய அன்னியர் பிரிவினை வழக்குப் போட்டால், அந்தப் பாகத்தை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குப் பங்காளியே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் மார்க்கம் வற்புறுத்துகிறது என்பதே முஃமினுக்குப் போதுமானது.

வாங்குவோர் கவனத்திற்குச் சில:

வீட்டு வரி ரசீது உடைமைக்குச் சான்றாகாது. மேலப்பாளையம் நகராட்சி 1994இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைந்தது. அதற்கு முந்திய ரசீதும் பிந்திய ரசீதும் வரி கட்டியதைத்தான் காட்டும். தாய்ப் பத்திரம் தொடங்கி எல்லாப் பத்திரங்களையும் பாருங்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். ஆனால் பதிவான விவரம்தான் அதில் வரும், பதிவாகாத சகோதரியின் பாகம் அதில் வராது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பெண் மக்கள் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்; அச்சான்றிதழ் வாரிசுகளைக் காட்டுமேயன்றிப் பாகத்தின் அளவைக் காட்டாது. விற்பனை ஒப்பந்தம் உடைமையைத் தராது. தமிழ்நாட்டில் 2012 முதல் அதையும் பதிவு செய்யவேண்டும். பவர் பத்திரத்தை நம்பி முழுப்பணம் கொடுக்காதீர்கள். அதனால் உடைமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் தெளிவாக்கிவிட்டது. எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த கிரயப் பத்திரமே காப்பு.

விற்போர் வீட்டின் குறையையும் உரிமையின் குறையையும் மறைக்கலாகாது. வியாபாரத்தில் ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்பது நபிமொழியின் கருத்து. உரிமையில் உள்ள குறையைச் சொல்லிவிடவேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவிலும் உள்ள கடமை.

ஆகவே, வாப்பாவின் வீட்டை விற்க நினைக்கும் சகோதரர்கள் தரகரைத் தேடுமுன் உம்மாவையும் சகோதரிகளையும் அழைத்து உட்கார்ந்து பேசட்டும். ஆலிம் ஒருவரைக் கொண்டு பாகத்தைக் கணக்கிடட்டும். வக்கீல் ஒருவரைக் கொண்டு பத்திரத்தை எழுதட்டும். விற்ற பணம் ஹலாலாகும். வாங்கியவர் நிம்மதியாகக் குடியேறுவார். சகோதரி பெருநாளன்று பிறந்தகத்துக்கு மனக்குறையின்றி வருவாள். அவரவர் பாகத்தை அவரவரிடம் சேர்க்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.