பேரு போடலைன்னா ஆளு தெரியாதா?



இந்த மாதப் பாடத்தை எங்களுடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே செய்தி மடலில் ஒரு உறுப்பினரின் கதையை வெளியிட்டோம். வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பதையும், குழுக் கடன் பணத்தைப் பிடுங்கிக்கொண்டதையும், குழு துணை நின்றதால் அவர் மீண்டு வந்ததையும் எழுதினோம். அவரிடம் சம்மதம் வாங்கினோம். பெயரை மாற்றினோம். ஊர்ப் பெயரைப் போடவில்லை. கடைசியில் "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று அடைப்புக்குறிக்குள் அச்சிட்டோம். நம் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

ஆனால் கதைக்குள்ளே என்னவெல்லாம் இருந்தது? மூன்று பெண் பிள்ளைகள். குழுக் கடனில் வாங்கிய கறவை மாடு சித்திரை மழையில் இடி விழுந்து செத்தது. வீட்டுக்காரருக்குச் செங்கல் சூளையில் வேலை. மடலைக் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். இரண்டாவது பத்தி வருவதற்குள் ஒருவர், "ஏ, இது நம்ம கீழத்தெரு பொண்ணுல்ல?" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே விஷயம் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது.

அந்தச் சகோதரி இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவர் கோபப்படவில்லை. "பேரைத்தானே மேடம் மாத்துனீங்க? என் மாட்டை மாத்தலையே" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

சல்லடைக் கணக்கு

ஏன் இப்படி ஆனது? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பஞ்சாயத்தில் 200 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெண் பிள்ளைகள் உள்ளவர் என்று சலித்தால் 20 பேர் மிஞ்சலாம். மாட்டுக் கடன் வாங்கியவர் என்று சலித்தால் 4 பேர். அந்த மாடு இடி விழுந்து செத்தது என்றால் ஒரே ஒருவர்தான். ஒவ்வொரு விவரமும் ஒரு சல்லடை. ஒரு விவரம் ஆளைக் காட்டாது. மூன்று நான்கு சேர்ந்தால் பெயரே தேவையில்லை.

இது கிராமத்துக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற மாநிலத்தில் அரசு ஊழியர்களின் ஆஸ்பத்திரி விவரங்களைப் பெயர், முகவரி எடுத்துவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். ஆனால் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. 1990-களில் லதான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலர் கொடுத்து ஒரு நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த மாநிலத்தின் ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவ விவரத்தையே கண்டுபிடித்துவிட்டார். அமெரிக்க மக்களில் 100-க்கு 87 பேரை இந்த மூன்று விவரங்களை வைத்தே தனியாக அடையாளம் காண வாய்ப்பு உண்டு என்று 2000-ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டார். அவ்வளவு பெரிய நாட்டிலேயே அப்படி. நம் தெருவில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் சட்டமும் இதைப் புரிந்து வைத்திருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டுமல்ல, முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் என எதையும் செய்தியில் வெளியிடக் கூடாது என்று அது சொல்கிறது. "பேரைச் சொல்லலையே, அந்த ஸ்கூல் பிள்ளைன்னுதானே சொன்னேன்" என்பது சட்டத்தின் முன் செல்லாது.

வேறு எதெல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும்?

கையெழுத்து: தீர்மானப் புத்தகத்தில் மாதாமாதம் எழுதுகிறவரின் எழுத்து எல்லோருக்கும் பழக்கம். புகார்ப் பெட்டியில் பெயரில்லாத சீட்டுப் போட்டாலும் பிரித்தவுடன் தெரிந்துவிடும்.

பேச்சு: ஒவ்வொருவருக்கும் அடிக்கடி வாயில் வரும் வார்த்தை ஒன்று உண்டு. அதை அப்படியே எழுதினால் குரல் கேட்ட மாதிரிதான்.

யாருக்குத் தெரியும்: ஊக்குநரும் பிரதிநிதியும் நீங்களும் மட்டுமே வங்கிக்குப் போன நாளில் நடந்ததை எழுதினால், எழுதியவர் யார் என்று அந்த இருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

செல்போன்: வாட்ஸ்அப் குழுவில் பெயரை வேறு மாதிரி வைத்தாலும் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியும். நீங்கள் அழித்த செய்தியை வேறொருவர் முன்பே படம் பிடித்து வைத்திருக்கலாம். சிம் கார்டு நம் அடையாள அட்டை கொடுத்து வாங்கியது. குற்ற விசாரணை என்று வந்தால் போலீஸ் ஆளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போலிப் பெயரில் ஒரு பெண்ணைப் பற்றி அவதூறு எழுதுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் போடாதது வேறு, ரகசியம் வேறு

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பெயர் போடாமல் எழுதினால், கண்டுபிடிக்காமல் இருப்பது படிக்கிறவர் கையில் இருக்கிறது. ரகசியம் என்றால், உங்கள் பெயர் ஒருவருக்குத் தெரியும். அதை வெளியே சொல்லாமல் காப்பது அவர் பொறுப்பு.

வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் பெயரோடுதான் புகார் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமாக இருந்தாலும், வீட்டு வேலையாக இருந்தாலும் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் கொடுக்கலாம். சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புகாரின் நகல் எதிராளிக்குப் போகும். அவருக்குத் தெரியாமல் விசாரணை நடக்காது. இதை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. அதே சட்டம், புகார் கொடுத்தவர், சாட்சி சொன்னவர் பெயர்களை ஊருக்கு வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது.

குழந்தைத் திருமணம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் 1098-க்குப் பேசலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "நான் சொன்னதாக ஊரில் தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போது, அது உங்களுக்கு மட்டுமே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அதிகாரிகள் வேறு விதமாக விசாரிப்பார்கள். பயத்தில் நாளைத் தள்ளிப் போட வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

எழுதும் முன், சொல்லும் முன்

1. யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஊரிடமிருந்தா, வீட்டுக்காரரிடமிருந்தா, தலைவியிடமிருந்தா? ஒவ்வொருவருக்கும் தெரிந்த விவரம் வேறு.

2. எழுதியதை அந்த ஆளின் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். "இது யாருன்னு தெரியுது" என்று அவர் எந்த இடத்தில் சொல்வாரோ, அந்த விவரத்தை எடுத்துவிடுங்கள்.

3. தனியாகப் போட வேண்டாம் என்று தோன்றினால் குழுவாகக் கையெழுத்துப் போடுங்கள். 15 பேர் கையெழுத்தில் ஒருவரை மட்டும் பிரித்துப் பழிவாங்குவது கஷ்டம்.

4. பெட்டியில் வந்த சீட்டைப் பிரிக்கும் பொறுப்பாளர்கள் "யார் எழுதினது?" என்று கேட்காதீர்கள். "எழுதினது உண்மையா?" என்று மட்டும் கேளுங்கள்.

நாங்களும் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். இப்போது எந்த உறுப்பினரின் கதையையும் அச்சுக்குப் போகும் முன் அவரிடமே முழுசாக வாசித்துக் காட்டுகிறோம். அவர் வேண்டாம் என்ற வரியை எடுத்துவிடுகிறோம். முழுக் கதையும் வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடுகிறோம்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் கூட்டத்தில் பேசிய குடும்ப விஷயம் எப்போதாவது வெளியே போயிருக்கிறதா? அதனால் யாருக்கு என்ன நடந்தது?

• நம் புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? யாரைப் பற்றிப் புகார் வருமோ அவரிடமே இருக்கிறதா?

• கூட்டத்தில் கேட்டதை வெளியே பேசுவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோமா?

கடைசியாக ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தின் தொடக்கத்தில் சொன்ன கதையை அந்தச் சகோதரியிடம் வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே இங்கே போடுகிறோம். பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டுக்காரர் வேலை, தெரு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறோம். இந்த முறை மாட்டையும் மாற்றிவிட்டோம். உண்மையில் அது மாடே இல்லை. வாசித்து முடித்ததும் அவர் சிரித்துக்கொண்டே, "இப்ப எனக்கே நான் யாருன்னு தெரியல மேடம், போடுங்க" என்றார்.