காசுக்கும் ஒரு சட்டை: மின்முலாம் பூசுவது எப்படி?



2005ஆம் ஆண்டு முதல் வெளிவந்த மஞ்சள் நிற 5 ரூபாய்க் காசைக் காந்தத்தின் கிட்டக் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொள்ளும். பித்தளை காந்தத்தில் ஒட்டாதே, இது எப்படி? உள்ளே உருக்கு, மேலே பித்தளை முலாம். அதுதான் விசயம். முலாம் பூசும் வழிகளில் முக்கியமானது மின்முலாமிடல்.

செய்து பார்ப்போம். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் வினாகிரி ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். 1.5 வோல்ற்று டோர்ச் பெற்றரியின் குமிழ் உள்ள நேர் முனையில் உறை உரித்த செப்புக் கம்பியை இணையுங்கள். மறை முனையில், தேய்த்துக் கழுவிய பழைய பித்தளைச் சாவியை வயரால் இணையுங்கள். இரண்டும் வினாகிரிக்குள் இருக்கட்டும். ஒன்றையொன்று தொடக் கூடாது.

நேரம் போகப்போக வினாகிரி நீலமாகவோ பச்சையாகவோ மாறும்; சாவி சிவக்கும். கம்பியிலுள்ள செப்பு அணுக்கள் இலத்திரன்களை விட்டுவிட்டு அயன்களாகக் கரைகின்றன. சாவியிடம் வந்ததும் இலத்திரன்களைப் பெற்று மறுபடி செப்பாகப் படிகின்றன. ஓடிய மின்னின் அளவுக்கு ஏற்பவே உலோகம் படியும் என்று மைக்கல் பரடே 1830களில் கண்டறிந்தார்.

இதன் மறுபக்கத்தை அறுகம்பேக் கடலில் காணலாம். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் சேர்ந்திருந்தால் பெற்றரி இல்லாமலே மின் ஓடும். அதனால்தான் படகு எஞ்சினில் ஒரு நாகக் கட்டி பொருத்துகிறார்கள். நாகம் முதலில் கரைந்து எஞ்சினின் அலுமினியத்தைக் காக்கிறது. கப்பலின் செப்புத் தகட்டை இவ்வாறு காக்கலாம் என்று 1824இல் ஹம்பிரி டேவி காட்டினார். நாகம் கரைந்து முடிந்தால் அடுத்து எஞ்சின்தான். ஆகவே நேரத்தோடு மாற்ற வேண்டும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை:

1. வீட்டுக் கரண்டை இதற்கு ஒருபோதும் எடுக்கக் கூடாது. உயிர் போய்விடும். டோர்ச் பெற்றரி மட்டும் போதும்.

2. நேர் முனையில் சில்வர் கரண்டியை மாட்டாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நஞ்சாகலாம்.

3. மிஞ்சிய தண்ணீரில் செப்பு உண்டு. பயிருக்கு அடிக்கும் செப்பு மருந்தின் இனம்தான். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டவோ, கிணற்றடியில் ஊற்றவோ விடாதீர்கள்.

4. நாகம் பூசிய வாளியில் புளி, தயிர், அச்சாறு வைக்காதீர்கள். புளிப்பு நாகத்தைக் கரைக்கும். சாப்பிட்டவருக்கு வயிற்றுப் பிரட்டலும் வாந்தியும் வரும். ஈயம் தேய்ந்த பித்தளைச் சட்டியும் அப்படித்தான். ஈயம் பூசிய பிறகே அதில் புளிக்கறி ஆக்குங்கள்.

முலாம் மெல்லிய சட்டைதான். அது கிழிந்ததா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.