கண்டெடுத்த தூண்டில் யாருக்கு?



சித்திரை, வைகாசி மாதங்களில் திருமயம் கோட்டைமேல் ஏறி நின்று பார்ப்பவர்கள், மழைக்காலத்தில் நிரம்பியிருந்த கண்மாய்கள் சேறும் வெடிப்புமாய்க் கிடப்பதைக் காண்பார்கள். தண்ணீர் இறங்க இறங்க, அது மறைத்து வைத்திருந்தவை ஒவ்வொன்றாய் வெளியே வருகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இவ்வாரம் பேசப் போகிறோம். மீன் பிடிக்க வந்தவர்கள் சிக்கி அறுந்துபோக விட்டுச்சென்ற தூண்டில் முட்களும் போலி இரைகளுமே அவை. "இதுவும் ஞானோபதேசத்தில் சேர்ந்ததா?" என்று சிரிக்க வேண்டாம். ஏழாம் கற்பனை பணப்பையோடு முடிந்துவிடுகிறதில்லை. அதோடு, அந்த முள் யாருடைய வெறுங்காலுக்காகக் காத்திருக்கிறது என்பதும் சிந்திக்கவேண்டிய விஷயந்தான்.

முன்பெல்லாம் நம் பக்கத்தில் மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு முள், ஒரு மண்புழு என்பதோடு தூண்டில் முடிந்தது. அறுந்தால் நஷ்டம் சொற்பம். இப்போது இளைஞர்கள் விராலுக்கு ரப்பர்த் தவளையை எறிகிறார்கள். விரால் காற்றைக் குடிக்க மேலே வரும் மீன். ஆம்பல் இலைக்கும் பாசிக்கும் நடுவே பதுங்கியிருக்கும். ஆகையால் அந்தத் தவளையையும் பாசிக்குள்தான் எறியவேண்டும். அதன் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். விரால் கவ்வி அழுத்தினால்தான் ரப்பர் அமுங்கி முள் வெளிப்படும். கெட்டிக்கார வேலை! எனினும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்தின் அடிக்கட்டைக்கு இந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் தெரியாது. சிக்கினால் சிக்கியதுதான். இழுத்துப் பார்த்து, கடைசியில் நூலை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். சில நூறு ரூபாய் தண்ணீரோடு போயிற்று.

மரத்தில் செதுக்கிய மீன் போன்ற இரைகளும் உண்டு. பின்லாந்து தேசத்து ஏழை மீனவர் லவுரி ராப்பலா 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை மேலே ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசித் தமது முதல் போலி மீனைச் செய்தார். இன்று அவர் பெயரால் விற்கும் இரைகள் உலகமெங்கும் போகின்றன. உலகமெங்கும் அறுந்தும் கிடக்கின்றன.

இவை எங்கே அகப்படும் என்று பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: கருவேலங்கட்டை, மடையின் கம்பி, கலிங்குக் கல்லின் இடுக்கு, கரையோரக் காட்டாமணக்குப் புதர். தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் தேடக் கிளம்பிவிடுவார்கள். தாய் தந்தையரே, அவர்களைத் தனியே அனுப்பாதிருங்கள். மண் அள்ளிய பள்ளங்கள் கண்மாய்க்குள் எங்கே இருக்கின்றன என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் ஆழம் இருக்கலாம். கண்மாயின் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவதே முறை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். எடுத்தது யாருக்கு?

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கடற்கரையில் ஒதுங்கும் முத்தும் மணியும் போல ஒருபோதும் எவருக்கும் சொந்தமாய் இராதவை ஒருவகை, அவை எடுத்தவருக்கே. வெகு காலத்துக்குமுன் மண்ணில் புதைந்து உடையவர் எவரும் இல்லாமற்போனவை வேறொரு வகை. அவற்றில் தேசச் சட்டம் என்ன சொல்கிறதோ அப்படி. நம் ஜில்லாவிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1898-ல் ஆலங்குடிப் பக்கத்துக் கறுக்காக்குறிச்சியில் ஒரு பானை நிறைய ரோமாபுரித் தங்கக் காசுகள் அகப்பட்டன; எண்ணிப் பார்த்தால் 501. அவற்றின் சொந்தக்காரன் வந்து கேட்கப்போவதில்லை. மூன்றாவது வகைதான் நமக்குரியது: சமீபத்தில் ஒருவர் இழந்த பொருள். அதை உடையவருக்குக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்தால் குற்றமில்லை. வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு எடுத்தால் அது களவு. உடையவர் வேண்டாமென்று கைவிட்டதாக மெய்யாகவே நம்பி எடுத்தால் அது களவாகாது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

தேசச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கிறது. 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவன், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவனைப்போல் பொறுப்புள்ளவன் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ம் பிரிவு இன்னும் தெளிவு. முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தில் 403-ம் பிரிவாக இருந்தது. ராஜபாட்டையில் யாருடையதென்று தெரியாத ஒரு ரூபாயை எடுப்பவன் குற்றவாளி அல்ல. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உடையவரைத் தேட முயற்சியே செய்யாமல் உடனே விற்பவன் குற்றவாளி. இந்த இரண்டு உதாரணங்களும் சட்டத்திலேயே இருக்கின்றன.

இதைக் கண்மாய்க்குப் பொருத்திப் பாருங்கள். துருவேறிப் பாசி படிந்து நூல் இற்றுப்போன முள்ளைத் தேடி ஒருவரும் வரப்போவதில்லை. எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் புண்ணியமும்கூட. ஆனால் பளபளவென்றிருக்கும் தவளையை, நேற்று மாலை அதே கட்டையருகே ஒருவர் அரைமணி நேரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனதைக் கண்டவன் எடுத்தால், "தண்ணீரில் கிடந்தது" என்ற சாக்கு செல்லாது. அவர் அதைக் கைவிடவில்லை, எட்டாமல் விட்டுப்போனார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனெனில் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். கரையில் குச்சி நட்டு இரவெல்லாம் விட்டுவைத்த தூண்டிலும், வாய்க்காலில் வைத்த கூடும், கட்டிய வலையும் தொலைந்த பொருள்கள் அல்ல. அருகில் ஆள் இல்லை என்பதால் அவை அநாதையாகிவிடுவதில்லை. அதிலுள்ள மீனும் அப்படியே.

கண்டெடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அர்ச். அகுஸ்தீன் தமது பிரசங்கமொன்றில், தாம் மிலான் நகரில் இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் எடுபிடி வேலை பார்த்த பரம ஏழை ஒருவன், ஏறக்குறைய 200 பொற்காசுகள் இருந்த பையைக் கண்டெடுத்தான். உடையவர் யாரென்று தெரியாததால் பொதுவிடத்தில் அறிவிப்பு எழுதி வைத்தான். ஒருவர் ஓடிவந்தார். பை எப்படிப்பட்டது, முத்திரை என்ன, காசு எத்தனை என்று கேட்டு, எல்லாம் சரியாயிருக்கக் கொடுத்துவிட்டான். அவர் மனமகிழ்ந்து 20 காசு நீட்டினார், மறுத்தான். பத்து என்றார், மறுத்தான். ஐந்தாவது எடுத்துக்கொள் என்றார், அதற்கும் மறுத்தான். உடையவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஒன்றும் வாங்கமாட்டாயானால் நானும் ஒன்றும் இழக்கவில்லை" என்று பையைக் கீழே எறிந்தார். வேறு வழியின்றி அவன் வாங்கிக்கொண்டு, அத்தனையையும் அங்கேயே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அவன் அடையாளம் கேட்ட இடம். நல்ல மனதோடு சாமர்த்தியமும் இருந்தது. நீங்களும் அப்படியே செய்யலாம். கண்மாய்க்கரை டீக்கடையில் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பதானால் படத்தைப் போடாதிருங்கள். "விரால் தவளை ஒன்று அகப்பட்டது, நிறம், நூலின் நிறம், அறுந்த இடம் மூன்றையும் சொல்பவர் பெற்றுக்கொள்ளலாம்" என்றால் போதும். பொருளைத் தொலைத்தவர்கள் அர்ச். அந்தோனியாரிடம் மன்றாடுவது நம் வழக்கம். அவர் திருப்பிக் கொடுக்கவேண்டுமானால், முதலில் அதைக் கண்டெடுத்தவன் கை திறக்கவேண்டுமே!

இனி அபாயத்தைப் பற்றி. நம் ஜில்லாவிலும் சிவகங்கை, மதுரைப் பக்கங்களிலும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கும்போது, ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் சேற்றில் இறங்குவது வழக்கம். வெறுங்கால், சேற்றுக்குள் துழாவும் கைகள். அந்தச் சேற்றில் அறுந்த முட்கள் கிடக்கின்றன. கொக்கும் நீர்க்காகமும் நூலில் கால் சிக்கிச் சாகின்றன. ஆடுமாடுகள் கரைப்புல்லோடு முள்ளையும் மேய்ந்துவிடக்கூடும். ஈயக் குண்டுகளோ வேறு விதமான விஷம். அன்னப் பறவைகள் அவற்றை விழுங்கி மாண்டதால்தான் இங்கிலாந்து 1987-ல் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடுத்தது. நம் பையன்கள் சிலர் ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்குகிறார்களே, அதை இன்றே நிறுத்துங்கள்.

எடுக்கும்போது நூலைக் கையில் சுற்றி இழுக்கவேண்டாம். பின்னல் நூல் சதையை அறுக்கும். கழியில் சுற்றி இழுங்கள். முள்ளைக் குறடால் பிடித்து, பழைய ரப்பர்ச் செருப்புத் துண்டில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கி சதைக்குள் போய்விட்டால் பிடுங்காதீர்கள். நூலை மட்டும் வெட்டிவிட்டு, முள் அசையாதபடி துணி வைத்துக் கட்டி, அரசு மருத்துவமனைக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணருகே பட்டால் தொடவே வேண்டாம்.

உடையவர் வராத இரையை என்ன செய்வது? ரப்பரும் மரமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், துருப்பிடிப்பது முள்தான். பழைய முள்ளைக் கழற்றிப் புதியது மாட்டினால் மறுபடியும் விராலுக்கு எறியலாம். கழற்றிய முட்களை மூடியுள்ள டப்பாவில் போட்டு, நிறைந்ததும் பழைய இரும்புக் கடைக்காரரிடம், உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிக் கொடுங்கள்.