சிலந்தி கடித்ததா? முதலில் ஒரு பேனையை எடுங்கள்

உரும்பிராயின் செம்பாட்டுத் தோட்டங்களில் விடியும்போதே வேலை தொடங்கிவிடும். வாழைச் சருகு கழிப்பவர்கள், வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்குபவர்கள், மரவள்ளி கிண்டுபவர்கள் என்று பலரும் வெறுங்காலோடுதான் நிற்பார்கள். பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் கணுக்காலுக்கு மேலே ஒரு சிவந்த தடிப்பு கண்ணில் படும்.

"இஞ்சேருங்கோ, கால் வீங்கிக் கிடக்கு."

"அது சிலந்தி ஏதும் கடிச்சிருக்கும். பேசாமல் இரும், நாளைக்கு வத்திப்போகும்."

வற்றினால் நல்லது. வற்றாமல் மூன்றாம் நாள் சிவப்பு முழங்கால்வரை ஏறி, குளிரும் காய்ச்சலுமாக ஓட்டோவில் ஏற்றும்போது "சிலந்தி நஞ்சு ஏறிவிட்டது" என்போம். அப்படி ஏறுவது பெரும்பாலும் நஞ்சு அல்ல, கிருமி. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் காலையும் உயிரையும் காப்பாற்றலாம்.

பெயரிலேயே ஒரு மயக்கம்

தமிழில் சிலந்தி என்பது எட்டுக்கால் பூச்சிக்கும் பெயர், ஒருவகைக் கட்டிக்கும் பெயர். நரம்புச்சிலந்தி என்று முன்னோர் சொன்னது ஒரு புழு நோயை. ஆகவே "சிலந்தி வந்திருக்கு" என்று பாட்டி சொன்ன இடத்தில் பூச்சியே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. தென் கலிபோர்னியாவில் சிலந்தி கடித்தது என்று வந்த 182 நோயாளிகளைப் பரிசோதித்த ஆய்வொன்று 2011 இல் வெளியானது. உண்மையில் சிலந்தி கடித்திருந்தது 7 பேரை மட்டுமே. 156 பேருக்கு இருந்தது தோலிலும் அதன் கீழுள்ள மென்திசுக்களிலும் பற்றிய கிருமித்தொற்று. மறுபக்கம், அவுஸ்திரேலியாவில் சிலந்தியைக் கையோடு பிடித்து உறுதிசெய்த 750 கடிகளைப் பின்தொடர்ந்த 2002 ஆம் ஆண்டு ஆய்வில் கிருமி பற்றியது 7 பேருக்குத்தான். தோல் அழுகிய புண் ஒருவருக்கும் வரவில்லை.

சிலந்தி கடித்துக் கிருமி பற்றுவது அரிது. கிருமி பற்றிய புண்ணைச் சிலந்திக் கடி என்று நினைத்துக் காலம் கடத்துவதுதான் அடிக்கடி நடக்கிறது. தோலில் குடியிருக்கக்கூடிய ஸ்ரபிலோகொக்கஸ், ஸ்ரெப்ரோகொக்கஸ் போன்ற பக்ரீரியாக்கள் முள் கீறலாலும், நுளம்புக் கடியைச் சொறிந்த நகத்தாலும், பித்தவெடிப்பாலும் உள்ளே போய்விடும். கடித்தது எதுவானாலும் செய்யவேண்டிய ஒழுங்கு இதுதான்.

படி 1: கடித்தது எது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் மூன்றை மறக்கக்கூடாது.

*செந்தேள்:* நெருப்பாய் எரியும் வலியோடு உடல் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கைகால் குளிர்ந்தால் அது தேள் கொட்டியதாக இருக்கலாம். இந்தியச் செந்தேள் குடாநாட்டில் உண்டு. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும். உடனே ஆஸ்பத்திரி.

*எட்டடி விரியன்:* இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரைத் தீண்டும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதாக இராது. ஆனால் வயிறு வலிக்கும், கண்ணிமை சரியும், பேச்சுக் குழறும். "ஏதோ பூச்சி கடிச்சது" என்று திரும்பிப் படுக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

*புலிமுகச் சிலந்தி:* 2009 இல் மாங்குளத்தில் ஊரவர்கள் அடித்துக் கொன்ற ஒரு பெருஞ்சிலந்தி ஆய்வாளர்களின் கைக்கு வந்தது. கால்களை விரித்தால் 20 சென்ரிமீற்றர்வரை வரும் அந்த இனம் பின்னர் புதிய இனமாகப் பெயரிடப்பட்டு 2013 இல் உலகச் செய்தியானது. இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் கடித்தால் கடும் வலியும், சில நாட்களுக்கு விட்டுவிட்டு வரும் தசைப்பிடிப்பும் உண்டாகலாம். வைத்தியரிடம் காட்டவேண்டும்; பதற்றம் வேண்டாம்.

பூச்சி செத்துக் கிடந்தால் ஒரு போத்தலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், அல்லது படம் எடுங்கள். அதைத் தேடி விறகுக் குவியலைக் கிளறவேண்டாம்.

படி 2: சவர்க்காரமும் தண்ணீரும்

பாம்போ செந்தேளோ என்ற சந்தேகம் இல்லையென்றால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஐந்து நிமிடம் கழுவுங்கள். சுத்தமான துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றுங்கள். மோதிரம், கொலுசு, காப்பு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். வலிக்குப் பனடோல் போதும், அஸ்பிரின் வேண்டாம்.

படி 3: செய்யக்கூடாதவை

சுண்ணாம்பு, சாணம், கோப்பித்தூள், புகையிலைச் சாறு எதையும் புண்ணில் வைக்காதீர்கள். பிளேற்றால் கீறி இரத்தம் எடுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். சிதழ் வைத்த கட்டியைப் பிதுக்கினால் கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகும். பார்வை பார்ப்பது மனதுக்கு ஆறுதலென்றால் பாருங்கள். ஆனால் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பிந்தவிடாதீர்கள்.

படி 4: பேனையால் கோடு போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த விளிம்பை ஒட்டிச் சாதாரண நீலப் பேனையால் சுற்றிவரக் கோடு போடுங்கள். பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள்: "செவ்வாய், பி.ப. 6.30". கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுங்கள். படுக்கப்போகுமுன் ஒருமுறை, எழும்பியதும் ஒருமுறை பாருங்கள்.

பூச்சிக்கடியின் ஒவ்வாமை அரிக்கும்; ஓரிரு நாளில் தணியத் தொடங்கும். கிருமித்தொற்று வேறுவிதம். முதல் நாள் சின்னதாக இருந்து இரண்டாம், மூன்றாம் நாளில் பெருக்கும். தொட்டால் சுடும், அரிப்பைவிட நோவே கூட. காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போயிருந்தால், அன்றே வைத்தியரிடம் போங்கள். அந்தக் கோட்டைப் பார்க்கும் டொக்டருக்கு, "எப்ப இருந்து, எவ்வளவு வேகமாக" என்ற கேள்விக்கான பதில் காலிலேயே எழுதியிருக்கும்.

படி 5: இவற்றைக் கண்டால் காத்திருக்கவேண்டாம்

- காய்ச்சலோடு குளிர் நடுக்கம்
- புண்ணிலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, கவட்டிலோ கமக்கட்டிலோ நெறி கட்டுதல்
- புண் சிறிதாக இருக்க, நோவு தாங்கமுடியாமல் இருத்தல்
- தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுதல், நீர்க்கொப்புளம், தொட்ட இடம் மரத்துப்போதல்
- வேகமான மூச்சு, தடுமாறும் பேச்சு, சலம் குறைதல்

மூன்றாவதும் நான்காவதும் தசையுறையை அழுகச்செய்யும் தொற்றின் குறிகள். அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும். கடைசியாகச் சொன்னவை கிருமித்தொற்று உடல் முழுவதையும் பாதித்துவிட்டதைக் காட்டும். இரண்டிலும் மணித்தியாலக் கணக்கில் நிலைமை மாறும். 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலை முதல் வடக்கிலும் ஓடுகிறது, பணம் கேட்கமாட்டார்கள்.

படி 6: கறுத்த பொருக்கு இருந்தால் தனியாகச் சொல்லுங்கள்

சுருட்டால் சுட்டதுபோல் ஒரு சின்னக் கறுத்த பொருக்கு, சுற்றிவரச் சிவப்பு, பெரிதாக நோவில்லை. இடமோ கமக்கட்டு, இடுப்பு, கவடு. கூடவே காய்ச்சலும் தலையிடியும். இதையும் பலர் சிலந்திக் கடி என்றே விட்டுவிடுவார்கள். ஆனால் இது பற்றைகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். இதுவும் பக்ரீரியா நோய்தான். யாழ்ப்பாணத்தில் பதிவாகிவரும் நோய். கடித்துப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வருவதால் இரண்டையும் யாரும் தொடுத்துப் பார்ப்பதில்லை. வழக்கமான புண் மருந்துகளுக்கு இது கேட்காது. டொக்சிசைக்கிளின் போன்ற மருந்தை நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் விடும். ஆகவே காய்ச்சல்காரரின் உடையை விலக்கி உடம்பு முழுவதையும் பாருங்கள். வெட்கப்பட்டு மறைத்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு இருக்கும்.

படி 7: மருந்தைச் சரியாக எடுங்கள்

போனமுறை மிஞ்சிய அன்ரிபயோற்றிக்கை எடுத்துப் போடாதீர்கள். தந்த நாட்களுக்கு முழுவதும் குடியுங்கள். வீக்கம் வற்றிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மண்பட்ட காயமென்றால் ஏற்பு ஊசி கடைசியாகப் போட்டு ஐந்து வருடம் கடந்துவிட்டதா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இந்தப் படிகளில் ஒன்றுக்கும் காத்திருக்கவேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் அவர்களுக்கு நோவும் தெரியாது, புண்ணும் இலேசில் ஆறாது. சிவப்பைக் கண்ட அன்றே காட்டவேண்டும்.

வருமுன்

தோட்டத்துச் சப்பாத்தை, இரவு கொடியில் கிடந்த சாறத்தை உதறிவிட்டுப் போடுங்கள். கிடுகும் ஓடும் விறகும் வீட்டுச் சுவரோடு அடுக்கியிருந்தால் தள்ளி அடுக்குங்கள். எடுக்கும்போது கையுறை போடுங்கள். பாயில் படுப்பவர்கள் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகுங்கள். தோட்டத்தால் வந்ததும் விரலிடுக்குகளைப் பார்த்துக் கழுவுங்கள்.

கோப்பாய் பிரதேச வைத்தியசாலை உரும்பிராய்க்குப் பக்கத்தில்தான். பலாலி வீதியால் நேரே போனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. தூரம் ஒரு சாட்டாக முடியாத ஊர் நம்முடையது. இன்றைக்கே கிணற்றடிச் சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பேனையையும் வைத்துவிடுங்கள்.