காவலும் தளையும்: மனநோயாளரைப் பிணித்து வைக்கும் வழக்கம் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

'காவல்' என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. பயிருக்குக் காவல், ஊருக்குக் காவல் என்னும்போது அது பாதுகாப்பைக் குறிக்கிறது. காவலில் வைத்தனர் என்னும்போது அச்சொல்லே சிறையைக் குறிக்கிறது. 'கட்டு' என்னும் சொல்லும் அத்தகையதே. புண்ணுக்கு இடுவதும் கட்டு. மனிதனைத் தூணோடு பிணிப்பதும் கட்டு. மனநோயுற்ற ஒருவரைக் குடும்பத்தார் கயிற்றாலோ சங்கிலியாலோ பிணித்து வைக்கும்போது, தாம் செய்வது பாதுகாப்பு என்றே நம்புகின்றனர். கட்டுண்டவருக்கோ அது சிறையாகவே முடிகிறது. பாதுகாப்பாகத் தொடங்கியது சிறையாக முடிவது ஏன், அதனை மாற்றும் வழி யாது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம் - சேலம் சாலையும் சந்திக்கும் ஊர் வேப்பூர். ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றி இருப்பவை மானாவாரி நிலங்கள். கிழக்கே விருத்தாசலத்தில் இருப்பவை பீங்கான் சூளைகள். கணவனும் மனைவியும் நாள்தோறும் வேலைக்குச் சென்றால்தான் உலை கொதிக்கும் வீடுகள் இங்குப் பல. அத்தகைய வீட்டில் ஒரு மகனுக்கோ மகளுக்கோ மனம் பேதலித்துவிட்டால், பகல் முழுதும் உடனிருந்து பார்ப்பவர் எவர்? மனநல மருத்துவரைக் காணக் கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ புதுவை ஜிப்மருக்கோ சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். கதவுக்குத் தாழும் காலுக்குக் கயிறும் எளிய வழியாகத் தோன்றுவது இந்நிலையில்தான். இதனை மனத்திற் கொள்ளாமல் குடும்பத்தாரைக் கொடியவர் என்று கூறிவிடுதல் எளிது, பயனுடையது அன்று.

இலக்கியம் காட்டும் இரு நிலைகள்

மனம் பிறழ்ந்தோரைத் தமிழ் இலக்கியம் மறைத்து வைக்கவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையில், அலரியும் எருக்கும் சூடிக் கந்தல் உடுத்த பித்தன் ஒருவன் காவிரிப்பூம்பட்டினத்து வீதியில் அழுதும் விழுந்தும் பிதற்றியும் திரிகிறான். ஊரார் கூடி நின்று பார்க்கின்றனர். அவனைக் கட்டியவர் இல்லை, கைகொடுத்தவரும் இல்லை. தெருவில் திரிய விட்டுவிடுதலும் ஒருவகைக் கைவிடுதலே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அக்காப்பியத்தின் சிறைவிடு காதை வேறொன்றைக் காட்டுகிறது. மகனை இழந்த அரசமாதேவி, மணிமேகலையைப் பழிவாங்கக் கருதி, அவளுக்கு நோய் என்று பொய் கூறிப் புழுக்கம் மிகுந்த அறையில் அடைக்கிறாள். நோய் என்னும் பெயரால் ஒருவரை அடைத்துவிட முடியும் என்பதையும், அடைக்கப்பட்டவரின் சொல்லை எவரும் கேளார் என்பதையும் சாத்தனார் அன்றே அறிந்திருக்கிறார். சொத்துப் பிணக்கிலும் மணவாழ்க்கைப் பிணக்கிலும் 'பைத்தியம்' என்னும் பெயர் சூட்டி ஒருவரின் வாயடைப்பது இன்றும் இயலக்கூடியதே. பூட்டிய கதவுக்குப் பின்னால் நிகழ்வதை ஊர் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்காப்பியத்திலேயே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறும் காதையும் உண்டு. அடைக்கும் இடத்தை ஆதரிக்கும் இடமாக மாற்றலாம் என்பது நம் மொழியின் பழைய நம்பிக்கையாகும்.

ஏர்வாடி உணர்த்திய பாடம்

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் அடங்கியுள்ள சுல்தான் சையிது இப்ராகிம் ஷஹீது பாதுஷா அவர்களின் தர்காவுக்குச் சாதி, சமய வேறுபாடின்றி மனநோயாளரை அழைத்துவரும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தங்கியிருப்போர் பலர். நாட்கள் மாதங்களாயின, மாதங்கள் ஆண்டுகளாயின. குடும்பத்தார் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் பணம் கட்டி நோயாளரை விட்டுச் செல்லத் தனியார் இல்லங்கள் தோன்றின. அவற்றில் மருத்துவர் இல்லை, சங்கிலி இருந்தது.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், அத்தகைய இல்லம் ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோரால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன. அவற்றிலிருந்த 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொணரப்பட்டனர். செய்தியறிந்த உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளரைச் சங்கிலியிடுதல் சட்டத்துக்கு மாறானது என்பதையும், அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் மக்களுக்கு, சிறப்பாக நாட்டுப்புற மக்களுக்கு, எடுத்துரைக்குமாறு 2002-இல் அரசுகளுக்கு ஆணையிட்டது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்கத்தக்கவை இரண்டு. இறந்தோரைக் கொன்றது தீ மட்டும் அன்று. தீயினின்று தப்பவிடாத சங்கிலியும்தான். வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டிலிலோ ஒருவரைப் பிணித்துவிட்டு வேலைக்குச் செல்லும் குடும்பம், இவ்விடரை நாள்தோறும் அவர்மேல் சுமத்திச் செல்கிறது. இரண்டாவது, அந்த 28 பேரும் வீடு உடையவர்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது வெறுப்பு மட்டும் அன்று. வேறு வழி அறியாமையும் ஆகும்.

மார்க்கமும் மருத்துவமும்

மனம் தெளிவற்றவர் மீது தொழுகை, நோன்பு முதலிய கடமைகள் இல்லை என்பது இஸ்லாமியச் சட்ட நெறி. அதாவது அவர் குற்றவாளி அல்லர், நோயாளர். அறிவு முதிராதோரின் பொருளைப் பொறுப்பாளர் காக்கவேண்டும் என்று கூறும் திருக்குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம், அவர்களுக்கு உணவும் உடையும் அளிப்பதோடு இனிய சொல் சொல்லுதலையும் கடமையாக்குகிறது. உணவும் உடையும் தந்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் அந்த மூன்றாவது கட்டளையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கட்டிப்போட்ட ஒருவரிடம் இனிய சொல் சொல்லுதல் எங்ஙனம்?

டமாஸ்கசில் 1154-இல் நூருத்தீனும், கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூனும் நிறுவிய பீமாரிஸ்தான் என்னும் மருத்துவமனைகளில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் 1488-இல் எழுந்த மருத்துவமனையில் இசையும் நீரோசையும் மருத்துவத்தின் கூறுகளாக விளங்கின. மூர்க்கம் கொண்டோரைத் தளையிடும் வழக்கம் அக்காலத்து மருத்துவமனைகளிலும் இருந்ததுண்டு. ஆயினும் மனநோய் மருத்துவத்துக்கு உரியது என்னும் தெளிவு அன்றே பிறந்துவிட்டது. பாரிசின் மருத்துவமனைகளில் பினெலும் புஸ்ஸேனும் சங்கிலிகளை அகற்றச் செய்தது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான்.

சென்னையில் 1794-இல் தொடங்கிய காப்பிடத்தின் வழியில் 1871-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை எழுந்தது. ஆயினும் மனநோய் மருத்துவத்தின் பெருந்திருப்பம் 1952-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டில் பிரான்சில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனச்சிதைவு நோயாளருக்குப் பயன்படத் தொடங்கியது. அதன்பின் வந்த மருந்துகளுள் சிலவற்றை மாதம் ஒருமுறை ஊசியாகவே செலுத்தலாம். நாள்தோறும் மாத்திரை விழுங்க மறுப்பவருக்கும், அதனை நினைவூட்ட ஆளில்லாத வீட்டுக்கும் இது பெருந்துணை. கயிறு செய்ய இயலாததை இவை செய்கின்றன. கயிறு கை கால்களை மட்டுமே நிறுத்தும். அச்சத்தையும் காதில் ஒலிக்கும் இல்லாத குரலையும் அது நிறுத்தாது. மாறாக, கட்டிய இடம் புண்ணாகிறது, தசை மெலிகிறது, சினம் பெருகுகிறது. மருத்துவம் தொடங்கத் தாமதமாகுந்தோறும் குணமடைதலும் கடினமாகிறது.

வழிபாட்டுத் தலமும் மருத்துவமும் பகைவர் அல்லர் என்பதையும் ஏர்வாடியே பின்னாளில் காட்டியது. குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதர் தர்காவில் தொடங்கிய 'தவாவும் துஆவும்', அதாவது மருந்தும் இறைஞ்சுதலும் என்னும் முறையைப் பின்பற்றி, ஏர்வாடியிலும் அரசின் மனநல மருத்துவம் அளிக்கப்படலாயிற்று. துஆ கேட்க வருவோரைத் தடுக்காமல், அவ்விடத்திலேயே மருந்தும் கொடுக்கும் முறை இது. திருச்சி மாவட்டத்துக் குணசீலம் பெருமாள் கோயிலைச் சார்ந்தும் மனநல மறுவாழ்வு இல்லம் ஒன்று செயற்பட்டு வந்துள்ளது. நம்பிக்கையைப் பழிப்பவரின் சொல்லைக் குடும்பம் கேளாது. மதித்துப் பேசுபவரின் சொல்லைக் கேட்கும்.

குடும்பமே மருந்தாகிய வரலாறு

1950-களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அமைத்து, நோயாளரோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். நோயின் இயல்பைக் கண்முன் கண்ட குடும்பத்தார் அச்சம் நீங்கினர். நோயாளர் விரைவில் வீடு திரும்பினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன்தங்கும் முறை வேரூன்றியது. கட்டிய அதே கை, கற்பிக்கப்பட்டால் பணிவிடை செய்யும் கையாகும் என்பதற்கு இவையே சான்று.

சட்டத்தின் நிலை

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று அதன் 95-ஆம் பிரிவு விலக்குகிறது. தனியறையில் அடைத்தலையும் 97-ஆம் பிரிவு தடைசெய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதுவும் பதிவு செய்யப்படல் வேண்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறை காரணமாகவோ அதனைச் செய்யலாகாது. மருத்துவமனைக்கே இத்துணைக் கட்டுப்பாடு உண்டெனில், வீட்டுக்குச் சங்கிலி எங்ஙனம் உரிமையாகும்?

ஒரு வீட்டில் மனநோயாளர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளாகிறார் என்று நம்பக் காரணமிருந்தால், காவல் நிலையப் பொறுப்பாளர் அதனை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 101-ஆம் பிரிவு கூறுகிறது. அண்டை அயலார் காவல் நிலையத்துக்குத் தெரிவித்தலும் அப்பிரிவின்படி கடமையே. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணமற்ற மருத்துவம் இச்சட்டம் தரும் உரிமை. உத்தரப்பிரதேசத்தின் பதாயூனில் நோயாளர் சங்கிலியிடப்பட்டிருந்த செய்தி 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அது சட்டமீறல் என்று நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

எனினும் சட்டம் மட்டும் போதாது. இந்தோனேசியா 'பாசுங்' எனப்படும் தளையிடலை 1977-லேயே தடைசெய்தது. பல பத்தாண்டுகள் கடந்தும் அங்கு அவ்வழக்கம் முற்றும் ஒழியவில்லை. மருத்துவம் எட்டாத ஊரில் தடை மட்டும் எட்டினால், சங்கிலி திண்ணையிலிருந்து உள்ளறைக்கு இடம்பெயரும், அவ்வளவே. நம் நாட்டின் 2015-16 தேசிய மனநல ஆய்வு, பல்வகை மனநோய்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை மருத்துவம் பெறாதிருப்பதைக் காட்டியது. தளை உருவாகும் இடம் இவ்விடைவெளியே.

நாம் செய்யத்தக்கன

மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஜமாஅத் பெரியோர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் இதில் பங்கு உண்டு.

முதலாவதாக, கட்டப்பட்டவர் இருக்கும் வீட்டுக்குச் செல்லுதல். குற்றஞ்சாட்ட அன்று, 'உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்க. மருத்துவமனைக்கு உடன்வர ஓர் ஆளும், வண்டிச் சத்தமும் கிடைத்தால் கயிறு அவிழும் வீடுகள் உண்டு.

இரண்டாவதாக, மாவட்ட மனநலத் திட்டத்தைப் பயன்படுத்துதல். 1996-இல் நாட்டில் முதன்முதல் இத்திட்டம் தொடங்கிய மாவட்டங்களுள் நம் அண்டையிலுள்ள திருச்சியும் ஒன்று. இன்று கடலூர் மாவட்டத்துக்கும் அது உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

மூன்றாவதாக, நோயின் வேகம் மிகும் நேரத்தைச் சமாளிக்கக் கற்பித்தல். கூட்டத்தை விலக்குதல், அரிவாள் முதலியவற்றை அப்புறப்படுத்துதல், நோயாளர் நம்பும் ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுதல், நிலைமை மீறினால் 108 ஊர்தியை அழைத்தல் ஆகியவற்றை ஒரு மாலைக் கூட்டத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

நான்காவதாக, குணமானபின் மருந்தை நிறுத்தாதிருக்கச் செய்தல். தெளிந்துவிட்டது என்று தாமாகவே மருந்தை விடுவதால் நோய் திரும்புகிறது; திரும்பியதும் கயிறும் திரும்புகிறது. வேலை கொடுத்தலும், பெருநாளிலும் திருவிழாவிலும் பெயர்சொல்லி அழைத்தலும் இம்மருத்துவத்தின் பகுதிகளே.

முடிவுரை

திருக்குறளின் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் மனநலம், இனநலம் என்னும் இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. வள்ளுவர் கூறும் மனநலம் மனத்தின் நன்மை. இன்றைய மருத்துவம் கூறுவது மனத்தின் உடல்நலம் போன்ற நிலை. பொருள் வேறாயினும், மனத்தின் நலத்துக்குச் சூழ்ந்திருக்கும் இனத்தின் நலமே அரண் என்னும் அவர்தம் கருத்து இங்கும் பொருந்துகிறது. சங்கிலி, ஒரு மனிதனின் நோய் எவ்வளவு கொடியது என்பதற்கு அளவுகோல் அன்று. அக்குடும்பம் எவ்வளவு தனித்து விடப்பட்டுள்ளது என்பதற்கே அளவுகோல். வேப்பூரைச் சூழ்ந்த எச்சிற்றூரிலேனும் அத்தகைய தளை ஒன்று இருக்குமாயின், அதன் திறவுகோலில் ஒரு பங்கு நம் கையிலும் இருக்கிறது என உணர்ந்து செயற்படுதல் நம் கடமையாகும்.