தெளிந்த ஒளிப்படம் எடுத்தல்

விழா மலர்களில் வெளிவரும் ஒளிப்படங்களை விரும்பிப் பாராதார் இலர். கட்டுரைகளைப் படிக்கப் பொழுது வாய்க்காதவரும் படங்களைப் புரட்டிப் பார்ப்பர். தம் முகத்தைத் தேடுவர். தம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்றவர் முகத்தைத் தேடுவர். மன்னார் மாவட்டத்தார்க்கு இத்தேடல் வெறும் பொழுதுபோக்கன்று. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் படத்தொகுப்புகள் வீட்டோடு அழிந்தன. தந்தையின் இளமைத் தோற்றத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத வீடுகள் இங்கு உள. அத்தகையோர்க்குக் கல்லூரியில் எஞ்சிய பழைய குழுப்படமே சில வேளைகளில் தனிச் சான்றாகின்றது. அதிலும் முகம் மங்கியிருப்பின் அவர் படும் ஏமாற்றம் சிறிதன்று. ஆதலின் தெளிந்த படம் எடுக்கும் முறையை இம்மலரில் எழுத விழைந்தோம்.

இதற்குத் தூண்டுகோலாயினார் எம் மாணவரே. மலருக்கெனப் படம் பிடிக்க அவர்கள் தொடக்கநிலை டிஜிற்றல் கமரா ஒன்றுடன் பள்ளிமுனைக்கும் வங்காலைக்கும் அரிப்புக்கும் சென்று வந்தனர். கொணர்ந்த படங்களிற் பாதிக்கு மேல் மங்கல். “சேர், விலை கூடின கமரா இருந்தால் நல்லாய் வந்திருக்கும்” என்றான் ஒருவன். அக்கூற்றை யாம் ஏற்கவில்லை. ஏலாமைக்குக் காரணம் கூறுவாம்.

கமராவின் ஆற்றல்

1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவன் சசோன் அமைத்த முதல் டிஜிற்றல் கமரா கறுப்பு வெள்ளைப் படத்தைப் பதினாயிரம் புள்ளிகளாற் பதிந்தது. ஒரு படத்தை ஒலிநாடாவில் ஏற்ற 23 செக்கன் சென்றது. இன்று தொடக்கநிலை எனப்படும் கெனன் 1500டி, நிக்கோன் டி3500 போன்றவை ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளாற் பதிகின்றன. ஆறங்குல அகலமும் ஒன்பதங்குல உயரமும் உள்ள மலர்ப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிரப்ப 49 இலட்சம் புள்ளிகளே போதும். எனவே கமராவிற் குறையில்லை. கையாளும் முறையிலேயே குறை.

பிழையின் வகை அறிதல்

மாணவன் எழுதிய கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் ‘பிழை’ என்று மட்டும் எழுதிவிட்டால் அவன் திருந்தான். எழுத்துப் பிழையோ, சந்திப் பிழையோ, பொருட் பிழையோ எனப் பிரித்துக் காட்டல் வேண்டும். மங்கிய படத்தையும் அவ்வாறே ஆராய்க. கணினித் திரையில் முழு அளவிற்குப் பெருப்பித்துப் பார்ப்பின் நான்கு வகை புலப்படும்.

ஒன்று, படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருத்தல். இது கை அசைவு. இரண்டு, நிலமும் மரமும் தெளிவாயிருக்கப் பறவையோ மாந்தரோ மட்டும் இழுபட்டிருத்தல். இது பொருளின் அசைவு. மூன்று, நாம் கருதிய முகம் மங்கப் பின்னாலுள்ள சுவர் தெளிதல். இது குவியப் பிழை. நான்கு, எதுவும் இழுபடாமல் விளிம்புகள் நெளிந்தோ, முழுப்படமும் மூடுபனியிட்டாற் போலவோ தோன்றுதல். இது காற்றுவெளியாலோ வில்லையில் படிந்த அழுக்காலோ வருவது.

அசைவை வெல்லுதல்

கையிற் பிடித்து எடுக்குங்கால், வில்லையின் குவியத்தூரத்தை ஒன்றரையாற் பெருக்கி, அவ்வெண்ணின் கீழ் ஒன்றை வைத்தால் வரும் நேரத்தினும் ஷட்டர் நீடித்துத் திறந்திருத்தல் ஆகாது. கமராவோடு வரும் 18–55 மில்லிமீற்றர் வில்லையை 55இல் வைத்தால் செக்கனில் 100இல் ஒரு பங்கு வேண்டும். 300 மில்லிமீற்றர் வில்லைக்கு 500இல் ஒரு பங்கு வேண்டும். வில்லையிலுள்ள அசைவு தடுக்கும் பொறி கையின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றிப் பறவையின் சிறகை நிறுத்தாது. நடக்கும் பூநாரைக்கு 500இல் ஒரு பங்கு போதும். பறப்பதற்கு 1000இல் ஒரு பங்கினும் குறுகிய நேரம் நன்று.

இத்துணை வேகத்துக்கு ஒளி போதுமோ என ஐயுற வேண்டா. முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 16 எனில் 100இல் ஒரு பங்கு செக்கன் சரியாகும் என்பது ஒளிப்படக்காரரின் பழைய கணக்கு. துவாரத்தை எஃப் 8 ஆகப் பெருப்பித்தால் நான்கு மடங்கு ஒளி புகும். 400இல் ஒரு பங்கு கிட்டும். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கின் 1600இல் ஒரு பங்கும் கிட்டும். மன்னார் வெயில் எமக்குக் கிடைத்த செல்வம். எனினும் வெண்மணற் பரப்பில் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். ஒளித்திருத்தத்தைக் கூட்டல் ஒன்றில் வைத்து அதனைச் சரிசெய்க.

சோளகம் வீசுங் காலத்தில் எம் தீவிற் காற்றின் வலிமை எத்தகையது என்பதற்கு, 2020 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பெற்ற தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகளே சான்று. அக்காற்றில் மெல்லிய முக்காலியை முழு உயரத்துக்கு நீட்டுதல் பயனற்றது. கால்களைக் குறுக்கி, நடுவில் மணற்பை ஒன்றைத் தொங்கவிடுக. இரண்டு செக்கன் தாமதப் பொறியால் எடுக்க. வாகனத்துள்ளிருந்து எடுப்போர் இயந்திரத்தை நிறுத்தி, யன்னல் விளிம்பில் அரிசிப்பை ஒன்றை இட்டு அதன்மேற் கமராவைக் கிடத்துக.

குவியமும் துவாரமும்

குவியப் புள்ளிகள் அனைத்தையும் கமராவின் விருப்புக்கு விட்டால் அது பெரும்பாலும் அண்மையில் உள்ளதையே பற்றும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தெரிந்து கொள்க. முகமாயின் கண்ணின்மேல் அதனை வைத்துக் குவியப்படுத்துக.

துவாரத்தை மிகச் சுருக்கின் மிகத் தெளியும் என்று எண்ணுவர் பலர். எம் மாணவரும் எண்ணினர். பள்ளிமுனையில் ஏறத்தாழ 19.5 மீற்றர் சுற்றளவுடன் நிற்கும் பெருக்கமரத்தை அவர்கள் எஃப் 22இல் எடுத்தனர். பட்டையின் சுருக்கங்கள் மெழுகினாற் போல வழுவழுத்தன. சிறு துளையூடு செல்லும் ஒளி விரிந்து பரவும் இயல்பினது. எஃப் 8இல் ஒரு புள்ளியின் விம்பம் ஏறத்தாழ 11 மைக்குரோமீற்றர் விட்டமுடைய வட்டமாகும். எஃப் 22இல் 30 ஆகும். கமராவின் உணரியில் ஒரு பிக்சலின் அகலமோ 4 மைக்குரோமீற்றர் அளவே. ஆகவே எஃப் 22இல் நுண்மை கரைந்துபோகின்றது. மீண்டும் சென்று எஃப் 8இல் எடுத்தபோது பட்டையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது, கமரா மாறவில்லை. மலிந்த வில்லைகள் பெரும்பாலும் எஃப் 8இலேயே தம் முழுத்திறனைக் காட்டும்.

வெம்மையும் உப்பும்

2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பெற்ற வங்காலைச் சரணாலயத்தில் எம் மாணவர் நண்பகலிற் பூநாரைகளை எடுத்தனர். கமரா அசையவில்லை, குவியமும் பிழைக்கவில்லை, ஆயினும் பறவைகளின் கால்கள் நெளிந்தன. சூடேறிய தரையினின்று எழும் காற்று ஒளியை வளைத்ததே காரணம். எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய வில்லையும் இதனை வெல்லாது. வெயில் ஏறுமுன் செல்லுதல் ஒன்றே வழி. அருகே செல்லுதலும் உதவும் என்பர். ஆயின் நெடுந்தொலைவு பறந்து வந்து இரை தேடும் பறவைகளைத் துரத்திப் பெறும் படம் எமக்கு வேண்டா. அவை தாமாக அணுகும்வரை காத்திருத்தல் நன்று.

கடற்காற்றில் அரைமணி நின்றாலே வில்லையில் உப்புப்படலம் படியும். முதலில் ஊதுபந்தால் மணலை அகற்றுக; பின்னர் மெல்லிய சுத்தமான துணியால் ஒற்றித் துடைக்க. சாரத்தாலோ சட்டை நுனியாலோ துடைப்பின் மணல் வில்லையைக் கீறிவிடும். காற்றடிக்கும் வெளியில் வில்லையைக் கழற்றி மாற்றுதலும் தகாது.

அரிப்பில் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்கென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த மாளிகை, கடலரிப்பாற் பகுதி பகுதியாகச் சரிந்து வருகின்றது. பெருக்கமரத்தை மறுமுறை எடுக்கலாம். அச்சுவரை, இடிந்து வீழ்ந்த பின்னர் எவரும் எடுத்தல் இயலாது. ஆதலின் அங்கு செல்வோர் முதன்முறையே செவ்வனே எடுத்தல் கடன்.

குழுப்படமும் பழம்படமும்

குழுப்படத்தை நண்பகல் வெயிலில் எடாதீர். கட்டடத்தின் நிழற்பக்கத்தில் மூன்று வரிசையாக நிறுத்தி, எஃப் 8இல், நடுவரிசையின் கண்களிற் குவியப்படுத்தி, 125இல் ஒரு பங்கு செக்கனுக்குக் குறையாத வேகத்தில் எடுக்க. கண்ணிமைப்பார் எக்குழுவிலும் உளர். ஆறேழு முறை எடுத்தல் நலம்.

வீட்டில் எஞ்சிய பழைய படத்தைப் படியெடுக்கவும் இக்கமரா போதும். நேர்வெயில் படாத யன்னலருகே படத்தைச் சுவரில் தட்டையாக நிறுத்துக. தொகுப்பில் ஒட்டிய படத்தை உரிக்க முயலாது தாளோடு எடுக்க. முக்காலியில் கமராவைப் படத்துக்கு நேரெதிரே சமாந்தரமாக வைத்து, வில்லையை 55இலும், துவாரத்தை எஃப் 8இலும், ஐ.எஸ்.ஓ.வை 100இலும் அமைத்துத் தாமதப் பொறியால் எடுக்க. மின்னொளி வேண்டா, அது கண்ணாடி போற் பளபளத்து முகத்தை மறைக்கும். எடுத்ததை வாட்ஸ்அப்பிற் படமாக அனுப்பின் அது சுருங்கிவிடும், கோப்பாகவே அனுப்புக.

பழைய மாணவர்காள்! நும் வீட்டிலுள்ள கல்லூரிப் படங்களை இவ்வாறு படியெடுத்து எமக்கு அனுப்புவீராக. அனுப்புங்கால், இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் எழுதி ஆண்டையும் குறிப்பீராக. கல்லூரியில் உள்ள பழம்படங்கள் சிலவற்றில் முகங்கள் தெளிவாகவே உள; அவர் இன்னார் என்று கூறுவாரே இலர். பெயர் அறிந்தோர் நம்மிடையே வாழும் இக்காலத்திலேயே அப்பணியையும் முடித்தல் வேண்டும்.