பழைய காரின் சஸ்பென்ஷன்: எதுக்கு முதல்ல காசு போடணும்?

பழைய கார் தடதடன்னு சத்தம் போட ஆரம்பிச்சா ஆளுக்கு ஒரு யோசனை சொல்வாங்க. மெக்கானிக் "நாலு ஷாக் அப்சார்பரையும் மாத்திடலாம் சார்"னு சொல்வார். ஆபீஸ் நண்பர் "லோயரிங் ஸ்பிரிங் போடுடா, செமையா இருக்கும்"னு சொல்வார். வீட்ல "வித்துட்டுப் புதுசு எடுத்துடலாம்"னு சொல்வாங்க. பணம் உங்களோடது. அதனால எந்த வரிசையில செலவு பண்ணணும்னு பார்ப்போம்.

உதாரணத்துக்குப் பழைய மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கலாம். முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னாடி டார்ஷன் பீம். நிறைய சின்ன கார்கள்ல இதே அமைப்புதான்.

யார் என்ன வேலை பார்க்குறாங்க?

வண்டியோட எடையைத் தாங்குறது ஸ்பிரிங். பள்ளத்துல இறங்கி ஏறினதும் அந்த ஸ்பிரிங் ஆடிக்கிட்டே இருக்காம அடக்குறது ஷாக் அப்சார்பர். இரும்போட இரும்பு மோதாம நடுவுல இருக்கிறது ரப்பர் புஷ். ரப்பர் வயசாக ஆக வெடிச்சுடும். இந்த ரப்பர் பொருட்கள்தான் சஸ்பென்ஷன்லயே விலை குறைவு. அதனால அங்கிருந்து ஆரம்பிங்க.

செலவு வரிசை

1. டயர் காத்து. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல எவ்வளவு பிரஷர்னு இருக்கும். காத்து அதிகமா இருந்தாலே வண்டி கட்டை வண்டி மாதிரி குதிக்கும். இதைச் சரி பண்ண செலவே இல்லை.

2. பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு. ஸ்பீட் பிரேக்கர்ல "டக் டக்"னு சத்தம் வந்தா முதல் சந்தேகம் இவங்க மேலதான். வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, ஆட்டம் இருக்கான்னு உங்க கண் முன்னாடியே காட்டச் சொல்லுங்க. பால் ஜாயின்ட்ல ஆட்டம் இருந்தா அடுத்த மாசம்னு தள்ளாதீங்க. அது கழண்டா சக்கரமே உங்க கட்டுப்பாட்டுல இருக்காது.

3. ஷாக் அப்சார்பர். ஆயில் கசியுதா? பம்பரை அழுத்தி விட்டதும் ரெண்டு மூணு தடவைக்கு மேல ஆடுதா? அப்போ மாத்தணும். தேய்ஞ்ச ஷாக் அப்சார்பரோட மேடு பள்ளத்துல போனா டயர் ரோட்டை விட்டு எழும்பும், பிரேக் போட்டா வண்டி நிக்கக் கூடுதல் தூரம் ஆகும். எப்பவும் ஜோடியா மாத்துங்க: முன்னாடி ரெண்டு, இல்லைன்னா பின்னாடி ரெண்டு. ஸ்ட்ரட்டைக் கழட்டும்போதே ஸ்ட்ரட் மவுண்ட்டையும் பார்த்துடுங்க. அப்புறம் தனியா மாத்தினா லேபர் ரெண்டு தடவை அழணும். கடைசியா வீல் அலைன்மென்ட். இதை விட்டா புது டயர் ஒரு ஓரமா தேய்ஞ்சுடும்.

4. ஸ்பிரிங். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தா, உடைஞ்சிருந்தா மட்டும்.

லோயரிங் ஸ்பிரிங், ஸ்பிரிங் பஃபர், பெரிய அலாய் வீல் எல்லாம் இந்த லிஸ்ட்லயே இல்லை. நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர்ல தாழ்ந்த வண்டி அடி வாங்கும். ஆர்சி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்துறதை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்குது. சொல்லாம மாத்தினா இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் சிக்கல் வரலாம்.

பில்லைக் குறைக்க

சென்னையா இருந்தா புதுப்பேட்டை ஞாபகம் வரும். கதவு, கண்ணாடி, பம்பர் அங்க வாங்கலாம். பழைய ஷாக் அப்சார்பரும் ரப்பரும் வேண்டாம். எவ்வளவு ஓடினதுன்னு யாருக்கும் தெரியாது. பார்ட்ஸ் தனி, லேபர் தனின்னு ரெண்டு இடத்துல கொட்டேஷன் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஆட்டோ பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18%. யாராவது இன்னும் 28% போட்டா கேளுங்க. மாத்தின பழைய பார்ட்ஸையும் கேட்டு வாங்கிப் பாருங்க.

போடலாமா, வித்துடலாமா?

மொத்தச் செலவை, இன்னும் எத்தனை மாசம் வண்டியை வெச்சிருப்பீங்களோ அதால வகுங்க. உங்க கொட்டேஷன் 18,000 ரூபாய், இன்னும் 3 வருஷம் ஓட்டுவீங்கன்னு வைங்க. மாசம் 500 ரூபாய். அதே நேரம் 6 லட்சம் கார் லோன், 9.5% வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 12,600. வட்டி மட்டுமே ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வெறும் சஸ்பென்ஷன் சத்தத்துக்காக இந்த லோன் தேவையில்லை.

ஆனா இதே கணக்கு சில சமயம் எதிர்ப்பக்கமும் பேசும். சொந்த உபயோகக் காரோட ஆர்சி 15 வருஷம்தான். அதுக்கப்புறம் சோதனை பண்ணி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். அந்தத் தேதிக்கு இன்னும் 6 மாசம்தான் இருக்கு, புதுப்பிக்கிற எண்ணமும் இல்லைன்னா, அதே 18,000 மாசம் 3,000 ஆகுது. அடிப்பக்கம் துரு, இன்ஜின் ஆயில் குடிக்குதுன்னா அடுத்த பில்லும் வரிசையில நிக்குது. அப்போ பாதுகாப்புக்குத் தேவையானதை மட்டும் மாத்திட்டு, விக்கிற வழியைப் பாருங்க.

இதுக்காக எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க, கிரெடிட் கார்டு இஎம்ஐயும் போடாதீங்க. சம்பளம் வந்ததும் "கார்"னு ஒரு ஆர்டில மாசம் 1,500 போட்டா ஒரு வருஷத்துல 18,000. பால் ஜாயின்ட்டை இந்த மாசமே மாத்துங்க. ஆயில் கசியற ஷாக் அப்சார்பர் அடுத்தது. மத்த எல்லாத்துக்கும் ஆர்டி நிறையற வரைக்கும் நேரம் இருக்கு.

இந்த வார இறுதியில டயர் காத்தையும் பம்பரையும் செக் பண்ணிடுங்க. அதுக்கப்புறம் கொட்டேஷன் கேளுங்க.